முதல் மொழி எது?

யாழ்ப்பாணத்துப் பெற்றோர் ஒரு காலத்தில் தம் பிள்ளைகளைக் குறித்துக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: வைத்தியரா, பொறியியலாளரா? இப்போது அந்த வரிசையில் மூன்றாவதாகக் கணினி வந்து நிற்கிறது. அதனோடு ஒரு புதிய கேள்வியும் வந்திருக்கிறது. “பிள்ளைக்குச் செய்நிரல் படிப்பிக்க வேண்டும், எந்த மொழியில் தொடங்குவது?” பத்திரிகைத் தொழிலிலேயே தலை நரைத்த என்னிடமும் இதைக் கேட்கிறார்கள். ஜாவா என்கிறார் ஒருவர். ‘சி’ தெரியாதவன் ஒன்றும் தெரியாதவன் என்கிறார் இன்னொருவர். எல்லாவற்றையும் மூன்று மாதத்தில் படிப்பித்துத் தருவதாகச் சுவரொட்டிகள் சொல்கின்றன.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பைதன். ஆனால் மொழியின் பெயரைச் சொல்வதோடு பதில் முடிந்துவிடுவதில்லை. முதல் மொழியை நடுவழியில் மாற்றக்கூடாது. அதைத் தமிழிலே சிந்திக்கும்படி கற்பிக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லையேல் எந்த மொழியும் கடினமே. குடாநாட்டுப் பிள்ளைகளின் விடயத்தில் இவ்விரண்டையும் நாம் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பதே என் குறை.

இலங்கையின் பாடத்திட்டத்தைக் கவனியுங்கள். கீழ் வகுப்புகளில் ‘ஸ்க்ராச்’ அறிமுகமாகிறது. அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஊடக ஆய்வுகூடத்தில் உருவாகி, 2007இல் வெளிவந்த மொழி அது. கட்டளைகளைத் தட்டெழுதத் தேவையில்லை. வண்ணக் கட்டங்களை ஒன்றோடொன்று பொருத்தினால் திரையில் பூனை நடக்கும். க.பொ.த. சாதாரண தரத்துக்கு வந்ததும், தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில் பஸ்கால். உயர்தரத்தில் அதே பாடத்தை எடுத்தால் பைதன். பல ஆண்டுகளாக மாணவர்கள் இந்தப் படிகளில்தான் ஏறி வந்திருக்கிறார்கள்.

படிகள் என்றால் ஒன்று மற்றொன்றுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இங்கே அப்படி இல்லை என்பதற்கு ஒரேயொரு குறியை எடுத்துக்கொள்வோம். சமக்குறி. கணித வகுப்பில் அது “இரு பக்கமும் சமம்” என்று பொருள்படும். பஸ்காலில் அது “இரண்டும் சமமா?” என்று கேட்கும் குறி, ஒரு மாறிக்குப் பெறுமானம் கொடுப்பதானால் சமக்குறிக்கு முன்னால் முக்காற்புள்ளி இடவேண்டும். பைதனிலோ தனிச் சமக்குறி பெறுமானம் கொடுக்கும். சமமா என்று கேட்க இரட்டைச் சமக்குறி வேண்டும். பதினாறு வயதில் ஒரு பொருளோடு மனத்தில் பதிந்த குறி, பதினேழு வயதில் வேறு பொருளோடு வருகிறது. வளர்ந்தவர்களுக்கு இது சிறு விடயம். முதன்முதலாகக் கற்கும் பிள்ளைக்கு, தான் விளங்கிக்கொண்டது பிழையோ என்ற ஐயத்தை உண்டாக்க இது போதும். இவ்வாறே கட்டளையின் முடிவில் இடும் அரைப்புள்ளி, பகுதியின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் சொற்கள், மாறிகளை முன்கூட்டி அறிவிக்கும் ஒழுங்கு எல்லாம் ஒரே ஆண்டில் மாறிவிடுகின்றன.

இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. சாதாரண தரத்தில் இந்தப் பாடத்தைப் படிக்கும் எல்லோரும் உயர்தரத்தில் அதைத் தொடர்வதில்லை. உயிரியலுக்கும் வணிகத்துக்கும் கலைக்கும் போகிறவர்களுக்குச் செய்நிரலோடு உள்ள உறவு பஸ்காலோடு முடிந்துவிடுகிறது. அவர்கள் கொண்டுபோவது என்ன? கடந்த கால வினாத்தாள்களிலிருந்து மனனம் செய்த நாலைந்து செய்நிரல்கள். பரீட்சை தாளில் நடக்கிறது. செய்நிரலும் பேனாவாலேயே எழுதப்படுகிறது. ஓட்டிப் பார்க்காத செய்நிரல், வாயில் போடாத பண்டம் போன்றது. அதன் சுவையை எவ்வளவு விரிவாக எழுதினாலும் நாக்குக்குத் தெரியாது. பைதன் கையிலிருந்தால் மருத்துவம் படிப்பவர் நோயாளர் தரவையும், வணிகம் படிப்பவர் கணக்கேட்டையும், புவியியல் படிப்பவர் மழைவீழ்ச்சி அட்டவணையையும் தாமே ஆராயலாம். அந்த வாய்ப்பைப் பதினாறு வயதிலேயே பலர் இழந்துவிடுகிறார்கள்.

பஸ்காலைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் நிக்லவுஸ் விர்த் 1970இல் வெளியிட்ட அந்த மொழி, கற்பிப்பதற்கென்றே ஆக்கப்பட்டது. மாறி ஒன்றைப் பயன்படுத்துமுன் அதன் பெயரையும் வகையையும் அறிவித்தாக வேண்டும் என்ற அதன் கண்டிப்பு ஒரு நல்ல ஆசிரியரின் கண்டிப்பு. உலகின் பல பல்கலைக்கழகங்களில் ஒரு தலைமுறை அதிலேதான் ஒழுங்காகச் சிந்திக்கக் கற்றது. 2024ஆம் ஆண்டின் முதல் நாளில் விர்த் காலமானபோது, கணினித் துறை தன் பெரிய ஆசான்களில் ஒருவரை இழந்தது. ஆனால் நல்லாசிரியரின் பாடநூல் என்பதற்காக அதை என்றென்றைக்கும் வைத்திருக்க முடியாது. பஸ்காலைக் கற்ற கையோடு பஸ்காலிலேயே தொழில் செய்யக்கூடிய காலம் ஒன்று இருந்தது. அதில் எழுதுவோர் இன்றும் உண்டு. ஆயினும் மாணவன் அடுத்து வைக்கும் அடி அந்தத் திசையில் இல்லை.

இவ்விடத்தில் எங்கள் குடாநாட்டின் தனிப்பட்ட வரலாற்றையும் நினைக்க வேண்டும். 1964இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமெனி, கேர்ட்ஸ் என்ற இருவர் பேசிக் என்ற மொழியை ஆக்கியது, கணிதமோ விஞ்ஞானமோ படிக்காத மாணவரும் கணினியைக் கையாள வேண்டும் என்பதற்காக. 1980களில் மேல்நாடுகளின் வீடுகளுக்குச் சிறு கணினிகள் வந்தபோது, அவற்றோடு பேசிக்கும் வந்தது. சிறுவர்கள் ஆசிரியர் இல்லாமல் விளையாட்டாகவே செய்நிரல் பழகினார்கள். அதே காலத்தில் இங்கே போர் மூண்டது. 1990இல் மின்சாரம் நின்றபின் பல ஆண்டுகள் எங்கள் பிள்ளைகள் போத்தல் விளக்கில் படித்தார்கள். சைக்கிள் சில்லைச் சுழற்றி வானொலி கேட்டோம். 1995 ஒக்ரோபரில் ஊரே பெயர்ந்தது. விளையாட்டாகச் செய்நிரல் பழகும் வாய்ப்பு ஒரு முழுத் தலைமுறைக்குக் கிட்டவில்லை. பெரும்பாலான வீடுகளில் “இப்படிச் செய்து பார்” என்று சொல்லத் தெரிந்த தகப்பனோ மாமனோ மூத்த சகோதரியோ இல்லாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம். ஆதலால் எங்கள் பிள்ளைகளுக்கு முதல் மொழி மற்றவர்களுக்கு இருப்பதைவிடவும் எளிதாக இருக்க வேண்டும். அவர்கள் தனியே கற்கிறார்கள்.

பைதன் அப்படிப்பட்ட மொழிதானா? நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் றொசம் 1991இல் முதன்முதலாக அதை வெளியிட்டார். அதற்குமுன் அவர் பணியாற்றிய ‘ஏபிசி’ என்ற மொழி, கணினி வல்லுநர் அல்லாதவர்களுக்காக ஆக்கப்பட்டது. அதன் எளிமையைப் பைதன் சுவீகரித்துக்கொண்டது. “வணக்கம்” என்று திரையில் காட்ட ஒரு வரி போதும். எந்தக் கட்டளை எதற்குள் அடங்கியது என்பதை, வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியே காட்டிவிடும். தாளில் எழுதும்போது நாம் பந்தி பிரிக்கிறோமே, அந்தப் பழக்கமே இங்கு இலக்கணம். மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமே பல்லாண்டுகள் பெருமையோடு கற்பித்த ஸ்கீம் மொழியை விட்டு, 2000களின் இறுதியில் தன் அறிமுகப் பாடத்துக்குப் பைதனை ஏற்றது.

தமிழ்நாடும் இதே வழியில் வந்திருக்கிறது. எங்களுடைய குறையோடேயே வந்திருக்கிறது என்றும் சொல்லலாம். 2018இல் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியலுக்கு சி++, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைதன் என்று வைத்தார்கள். அங்கேயும் மாணவன் ஓர் ஆண்டில் கற்ற இலக்கணத்தை மறு ஆண்டில் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் பாடத்திட்டம் வகுத்தவர்கள் பைதன் நல்லது என்று கண்டார்கள். அதை முதலில் வைக்கத்தான் தயங்கினார்கள்.

பைதனிலும் இடறும் இடங்கள் உண்டு. இரு எண்களைக் கேட்டு வாங்கிக் கூட்டும் செய்நிரலை ஒரு பிள்ளை எழுதுகிறது. 5, 7 என்று கொடுக்கிறது. விடை 12 அன்று, 57. வாங்கியது எண் அன்று, எழுத்து என்று பைதன் கருதுவதே காரணம். அதை எண்ணாக மாற்றும்படி தனியே சொல்ல வேண்டும். விர்த்தின் கண்டிப்புக்கு மதிப்புத் தெரியும் இடம் இது. ஆனால் அந்த 57ஐக் கண்டு “ஏன்?” என்று கேட்கும் பிள்ளைக்கு, எண் வேறு, எண்ணின் உருவம் வேறு என்ற பாடத்தை ஒரு நொடியில் விளக்கிவிடலாம். அந்தப் பிழையைச் செய்யும் வாய்ப்புப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும். அதற்குக் கணினியின் முன் அமரவிட வேண்டும்.

வேலை விளம்பரங்களில் ஜாவாவும் வேறு பலவும் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கட்டும். இன்று பதினான்கு வயதான பிள்ளை வேலைக்குப் போக எட்டொன்பது ஆண்டுகள் உண்டு. அதற்குள் விளம்பரங்கள் எத்தனை முறை மாறும் என்று யாரும் சொல்ல முடியாது. ‘யாழ்ப்பாணத்தில் ஒரு சிலிக்கன் பள்ளத்தாக்கு’ என்ற கனவோடு 2010களின் தொடக்கத்தில் எழுந்த யாழ் ஐ.டி. ஹப், தொழில் தொடங்கும் எண்ணத்தை இங்குள்ள இளைஞரிடம் விதைத்திருக்கிறது. அத்தகைய முயற்சிகளுக்கு வந்து சேரவேண்டியவர்கள் ஒரு பிரச்சினையைச் சிறு சிறு படிகளாகப் பிரிக்கத் தெரிந்தவர்கள். ஒரு மொழியில் அதைக் கற்றவர் இரண்டாவது மொழியைச் சில கிழமைகளில் பிடித்துக்கொள்வார்.

இனி, தமிழிலே கற்பிப்பது பற்றி. செய்நிரல் மொழிகளின் சொற்கள் ஆங்கிலம். ஆகவே முதலில் ஆங்கிலம் படி, பிறகு கணினி படி என்று சொல்லிப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவோர் நம்மிடையே இருக்கிறார்கள். பைதனில் ஒதுக்கப்பட்ட சொற்கள் மொத்தம் 35. தொடக்க மாணவருக்கு வேண்டியவை அவற்றில் பத்துப் பன்னிரண்டே. கிரிக்கெட் விளையாடும் கிராமத்துப் பிள்ளை ‘நோபோல்’ என்பதற்கு ஆங்கில இலக்கணம் படித்ததில்லை. விதியை விளங்கிக்கொண்டது, சொல் ஒட்டிக்கொண்டது. தடை அந்தப் பன்னிரண்டு சொற்களில் இல்லை. விளக்கம் ஆங்கிலத்தில் இருப்பதும், பிழை நேரும்போது கணினி சொல்லும் செய்தி ஆங்கிலத்தில் வருவதும், அதைக் கண்டு பிள்ளை தன்னால் முடியாது என்று எழுந்து போவதுமே தடை.

இந்த வழக்கு யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. 1847இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இங்கே வந்தார். மானிப்பாயில் மேலை மருத்துவம் கற்பித்தார், முதலில் ஆங்கிலத்தில்தான். கற்றுத் தேறியவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியிடங்களுக்குப் போனார்கள். கிராமத்து நோயாளி இருந்த இடத்திலேயே இருந்தார். அதைக் கண்ட கிறீன், 1860களில் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் துணிந்தார். அதற்காக மாணவர்களோடு சேர்ந்து நூல்களை மொழிபெயர்த்தார். ‘இரணவைத்தியம்’ 1867இலும் ‘கெமிஸ்தம்’ 1875இலும் வெளிவந்தன. இந்த இரண்டாவது தலைப்பை உற்றுப் பாருங்கள். தமிழ்ச் சொல் கிடைத்த இடத்தில் அதை எடுத்துக்கொண்டார்; கிடைக்காத இடத்தில் ஆங்கிலச் சொல்லையே தமிழுருவில் எழுதிவிட்டு, விளக்கத்தைத் தமிழில் தந்தார். கலைச்சொல் எல்லாம் அமைந்த பிறகே வகுப்பைத் தொடங்குவேன் என்று அவர் காத்திருக்கவில்லை. செய்நிரல் கற்பிக்க இதைவிடச் சிறந்த முன்மாதிரி வேறு எங்கும் தேட வேண்டியதில்லை. 1873இல் அவர் தாயகம் திரும்பியபின் அந்தத் தமிழ்வழி நிலைக்கவில்லை என்பதும் நமக்குப் பாடம்: ஒரு தனிமனிதரின் ஊக்கத்தில் மட்டும் இத்தகைய வேலை நிற்காது.

முழுவதும் தமிழிலேயே ஒரு செய்நிரல் மொழி இருக்கக்கூடாதா என்ற ஆசை எழுவது இயல்பு. இருக்கிறது. முத்து அண்ணாமலை 2007 முதல் உருவாக்கிய ‘எழில்’ என்ற மொழி, தமிழ்ப் பிள்ளைகளுக்காகவே ஆக்கப்பட்டது. அதில் ஒரு சிறு செய்நிரல் இப்படி இருக்கும்:

மதிப்பெண் = 62
@( மதிப்பெண் >= 35 ) ஆனால்
    பதிப்பி "சித்தி"
இல்லை
    பதிப்பி "மீண்டும் முயல்க"
முடி

கணினி அறியாத ஒருவருக்கும் இது ஓரளவு விளங்கும். இதன் சிறப்பு சொற்கள் தமிழாக இருப்பதோடு முடிவதில்லை. ஆங்கிலத்தில் நிபந்தனைச் சொல் முதலில் வரும், நிபந்தனை பின்னால் வரும். தமிழில் நிபந்தனையைச் சொல்லி முடித்த பிறகே “ஆனால்” என்போம். எழில் அந்தத் தமிழ் ஒழுங்கிலேயே அமைந்திருக்கிறது. பைதன் கற்பிக்கும் ஆசிரியரும் இதைக் கவனிக்க வேண்டும். ஆங்கில வரியை எழுதிவிட்டு, “மதிப்பெண் 35 அல்லது அதற்கு மேல் ஆனால்” என்று தமிழ் ஒழுங்கில் வாய்விட்டு வாசிக்கச் செய்தால், பாதி மயக்கம் தீரும்.

எழிலையே முதல் மொழியாக வைக்கலாமே என்றால், முதல் இரண்டு மூன்று கிழமைகளுக்கு வைக்கலாம் என்பது என் கருத்து. அது பைதனின் மேல் கட்டப்பட்டது. ஆகவே அங்கிருந்து பைதனுக்குப் போவது அயலூருக்குப் போவதைப் போன்றதுதான். ஆனால் அது ஒரு சிறிய குழுவின் தன்னார்வ உழைப்பு. இணையத்தில் பைதனுக்குக் கிடைக்கும் நூலகங்களும் உதவியும் அதற்கு இல்லை. நேரமில்லாத ஆசிரியர் நேரே பைதனுக்குப் போகலாம். பைதனின் மூன்றாம் பதிப்பு 2008இல் வந்ததிலிருந்து மாறிகளுக்குத் தமிழ் எழுத்திலேயே பெயரிட முடியும். விசைப்பலகையை அடிக்கடி மாற்றுவது தொல்லை என்றால், ‘மதிப்பெண்’ என்பதையே ஆங்கில எழுத்தில் தட்டட்டும். பெயர் பிள்ளையின் மனத்திலிருந்து வரவேண்டும் என்பதே முக்கியம்.

தமிழ்ப் பிள்ளைக்கு மட்டுமே எழக்கூடிய கேள்விகளும் உண்டு. ‘யாழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? இரண்டு. பைதனைக் கேட்டால் நான்கு என்கிறது. ‘விகடகவி’யைத் திருப்பி வாசித்தாலும் விகடகவிதான், பைதனில் சாதாரணமாகத் திருப்பினால் வேறு ஏதோ வருகிறது. யுனிகோட்டில் ‘யா’ என்பது யகரமும் காலும் எனத் தனித்தனியாகவும், ‘ழ்’ என்பது ழகரமும் புள்ளியும் எனத் தனித்தனியாகவும் சேமிக்கப்படுவதே காரணம். எழிலை ஆக்கியவர் முன்னின்று தொடங்கிய ‘ஓப்பன் தமிழ்’ என்ற பைதன் நூலகம் எழுத்துகளைச் சரியாக எண்ணித் தரும். எங்கள் நாளிதழ்களில் ஈய எழுத்துக் கோத்தவர்கள் கண்ட சிக்கலின் பேரப்பிள்ளைதான் இது. ஆங்கில உதாரணங்களை மட்டும் கண்ட பிள்ளை இந்தக் கேள்வியைச் சந்திப்பதேயில்லை. சந்திக்கும் பிள்ளைகளில் ஒருவர்தான் நாளைக்குத் தமிழுக்கு நல்ல எழுத்துத் திருத்தி ஒன்றை எழுதப்போகிறார்.

ஆகவே செய்யவேண்டியவை என்று நான் கருதுபவற்றைச் சொல்கிறேன். சாதாரண தரத்திலேயே பைதனை வைத்து, உயர்தரம் வரை அதையே தொடர வேண்டும். தாளில் எழுதும் வினாக்களோடு, மாணவர் தாம் ஓட்டிய ஒரு செய்நிரலைத் தமிழில் விளக்கிக் காட்டுவதற்கும் புள்ளி வழங்க வேண்டும். பயிற்சிகள் ஊரிலிருந்து வரவேண்டும். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் கீழ் தேங்கும் மழைநீரே எங்கள் கிணற்று நீர். வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை மாரியிலும் கோடையிலும் அளந்து குறித்து, சராசரி காணும் செய்நிரல் எந்தப் பாடநூல் உதாரணத்தையும் விடப் பெறுமதியானது.

வெளிநாடுகளிலுள்ள பழைய மாணவர் சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். தாம் படித்த பாடசாலைக்குக் கணினி வாங்கி அனுப்புகிறீர்கள், நன்றி. அதனோடு இன்னொன்றும் செய்யலாம். தொடக்க மாணவர் காணும் பிழைச் செய்திகள் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வகையே. ‘இந்தப் பெயரை நீ இதுவரை அறிவிக்கவில்லை’, ‘இந்த வரியில் இடைவெளி பொருந்தவில்லை’, ‘எண்ணையும் எழுத்தையும் கூட்டப் பார்க்கிறாய்’ என்று அவற்றுக்கு நல்ல தமிழில் விளக்கம் எழுதி, ஒரு தாளில் அச்சிட்டு, ஒவ்வொரு கணினியின் பக்கத்திலும் ஒட்டுங்கள். ஒரு கணினியின் விலையில் குடாநாட்டுப் பாடசாலைகள் பலவற்றுக்கும் அதைக் கொடுத்துவிடலாம். தமிழறிந்த மென்பொறியாளர்கள் உலகெங்கும் இருக்கும்போது, இது ஒரு வார இறுதி வேலை.

பாடத்திட்டம் மாறும்வரை பெற்றோர் காத்திருக்கத் தேவையில்லை. பரீட்சைக்குப் பஸ்காலைப் படிக்கட்டும். பாடசாலை விடுமுறையில் பைதனைத் தொடங்கட்டும். கணினி இல்லையென்றால் கைப்பேசியிலும் அதை இயக்கலாம். முதல் மாதத்தில் சான்றிதழ் கேட்காதீர்கள். “இந்த வரி என்ன செய்கிறது?” என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை அதைத் தமிழில் உங்களுக்கு விளங்கச் சொல்லிவிட்டால், மொழித் தெரிவு சரி. படிப்பும் சரியான வழியில் போகிறது.